சால் கட்டாத கவலை
‘நான் யார்?’ என்னும் சிறுநூலும் மலைப்பொழிவின் பத்து வசனங்களும்

கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் நின்று தென்மேற்கே நோக்கினால், வானம் தெளிந்த நாட்களில் அண்ணாமலை நீல நிறத்தில் தெரியும். கார்த்திகைத் தீபத்தன்று அதன் உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றும். எங்கள் ஊர்க் கிறிஸ்தவர்களும் திண்ணையில் அமர்ந்து அதைப் பார்ப்பதுண்டு. ஆயினும் அந்த மலையில் பிறந்த ஒரு சிறுநூலை நான் அறுபத்திரண்டு வயது வரையில் வாசித்ததில்லை. தமிழாசிரியனாக முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தவன் நான். அவ்வாறு வாசியாதிருந்தது எனக்கு இன்று சற்று வெட்கமாகவே இருக்கிறது.

வாசிக்க நேர்ந்த சூழ்நிலையை முதலில் கூறிவிடுகிறேன். என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி தோன்றியது. மருத்துவர் அதிலிருந்து சிறிது சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு தெரியப் பத்து நாட்களாகும் என்றார். அந்தப் பத்து நாட்களில் என் உள்ளம் செய்த வேலையை எழுதினால் பெரிய நூலாகும். புற்றுநோயாக இருந்தால் எந்த ஊர் மருத்துவமனை, எவ்வளவு பணம், மகன் எத்தனை நாள் விடுப்பு எடுக்க இயலும், எந்த நிலத்தை விற்பது, விற்றபின் என்ன செய்வது, அவளுக்குப் பின் நான் எப்படி வாழ்வது என்று இரவெல்லாம் கணக்கிட்டேன். விடியும்போது தொடங்கிய இடத்திலேயே நின்றிருந்தேன்.

என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற கணக்காசிரியர் நண்பர் ஒருவர் மூன்றாம் நாள் வந்தார். என் கண்களைப் பார்த்தவர், மறுநாள் ஒரு மெல்லிய புத்தகத்துடன் திரும்பி வந்தார். “சார், இதை ஒரு தடவை படிச்சிப் பாருங்க. உங்கள மதம் மாத்தறதுக்குக் குடுக்கல. தூங்கறதுக்குக் குடுக்கறேன்” என்றார்.

அந்தப் புத்தகம் இரமண மகரிசியின் ‘நான் யார்?’. அதை ஓர் இலக்கிய வாசகனாகவும் ஒரு கத்தோலிக்கனாகவும் வாசித்ததில் எனக்குத் தோன்றியவற்றை வாசகர்கள் முன் வைக்கிறேன். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, பிற சமயங்களில் காணப்படும் உண்மையும் தூய்மையும் ஆனவற்றுள் எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்தது. அந்தத் துணிவு நமக்கு உண்டு. அதே வேளையில், மரியாதைக்காக வேறுபாடுகளை மறைப்பது விமரிசனமும் ஆகாது, நட்பும் ஆகாது.

நூல் பிறந்த கதை

1902-ஆம் ஆண்டில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் திருவண்ணாமலைக்கு வந்தார். தத்துவம் பயின்றவர், தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணிபுரிந்தவர். அக்காலத்தில் இரமணர் மலைமேல் விரூபாட்சி குகையில் இருந்தார். வயது இருபத்திரண்டு. அவர் பேசுவதில்லை. ஆகவே பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு விடைகளை எழுதிக் காட்டினார். அவ்விடைகளைப் பிள்ளை பாதுகாத்து வைத்திருந்தார். 1923-இல்தான் அவை நூலாக அச்சேறின. பின்னர் இரமணரே அதைக் கட்டுரை வடிவிலும் அமைத்துத் தந்தார்.

இந்தப் பிறப்புக் கதைக்கும் நூலின் நடைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பேசுகிறவன் சொற்களைச் செலவழிப்பான். மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டுகிறவன் எண்ணித்தான் எழுதுவான். நூலில் அலங்காரம் இல்லை. அத்துவைதக் கலைச்சொற்கள் வருகின்றன. ஆனால் அவை வருமிடமெல்லாம் அடுத்து ஒரு வீட்டுப் பொருளோ தெருக்காட்சியோ வந்து துணை நிற்கிறது. கேள்வி கேட்டவர் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்தவர். அவர் கேள்விகளும் கோப்பைப் போலவே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நிற்கின்றன. விடைகளோ ஒவ்வொரு முறையும் அவரை ஒரே இடத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. எண்ணம் ஒன்று எழுந்தால் அதைத் தொடர்ந்து ஓடாதே. இது யாருக்கு எழுந்தது என்று பார். எனக்கு என்று தோன்றும். அந்த நான் யார் என்று பார். நூலின் சாரம் இவ்வளவே.

கேட்பதற்கு எளிதாக உள்ளது. நள்ளிரவில் செய்து பார்த்தவனாகச் சொல்கிறேன், எளிதன்று. ஆனால் ஒரு பயனை முதல் இரவிலேயே கண்டேன். ‘நிலத்தை விற்றால் என்ன விலை போகும்?’ என்ற எண்ணத்துக்கு விடை தேடும்போது அது பத்துக் குட்டிகளை ஈன்றது. ‘இது யாருக்குத் தோன்றுகிறது?’ என்று கேட்டபோது ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் என்னுள் தெரிந்தது நிலமும் அன்று, பணமும் அன்று. அச்சம் கொண்ட ஒரு கிழவன் தெரிந்தான்.

உவமைகளின் வலிமை

நூலின் உயிர் உவமைகளில் இருக்கிறது. பிணத்தைச் சுடும்போது கிளறிவிடும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவது போல, ‘நான் யார்’ என்ற எண்ணமும் மற்ற எண்ணங்களை அழித்துத் தானும் அழியும் என்பது ஓர் உவமை. சுடுகாட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. வெயிலில் அலைந்தவன் நிழலுக்கு வந்து குளிர்ந்து, மறுபடியும் வெயிலுக்கே போய் வருந்தித் திரும்பும் காட்சி இன்னொன்று. எங்கள் வட்டாரத்துச் சித்திரை வெயிலை அறிந்தவர் யாரும் இதை நூலழகாக மட்டும் படிக்க முடியாது.

எல்லாவற்றினும் புகழ்பெற்றது புகைவண்டி உவமை. வண்டி எவ்வளவு பாரமானாலும் சுமந்து செல்கிறது. அதில் ஏறிய பயணி தன் சிறு மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். அவ்வாறிருக்க, அதைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு ஏன் வருந்தவேண்டும்? இறை ஆற்றல் எல்லாவற்றையும் நடத்திச் செல்லும்போது, இப்படிச் செய்யவேண்டும், அப்படிச் செய்யவேண்டும் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது அத்தகையது என்கிறது நூல்.

இந்த உவமை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். அவர் வாழ்க்கையில் ஒரு புகைவண்டிப் பயணம் உண்டு. மதுரையில் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன் 1896 ஆகஸ்டு இறுதியில் வீட்டை விட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டான். பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள நிலையம் திண்டிவனம் என்று கணக்கிட்டு அதற்குச் சீட்டு வாங்கினான். கணக்குத் தவறு. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே இருப்புப்பாதை வந்துவிட்டது என்பதை வண்டியில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் அறிந்தான். விழுப்புரத்தில் இறங்கினான். கையிலிருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைக்குத்தான் போதுமானதாக இருந்தது. அங்கிருந்து நடந்தான். கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்று, திருக்கோயிலூரில் வண்டி ஏறி, செப்டம்பர் 1-ஆம் நாள் வந்து சேர்ந்தான். அடகுச் சீட்டை வழியிலேயே கிழித்தெறிந்தான். திருவண்ணாமலையில் அய்யங்குளத்தில் தின்பண்ட மூட்டையையும் எறிந்துவிட்டான்.

திண்டிவனத்திலேயே இறங்கியிருந்தால் அச்சிறுவன் பெரும்பாலும் செஞ்சி வழியாக, எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கமாகத்தான் நடந்து வந்திருப்பான். இது ஓர் ஊர்க்காரனின் ஆசை மட்டுமே. ஆனால் இலக்கிய வாசகனுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வண்டி சுமக்கும் என்று எழுதியவர் எல்லாம் திட்டப்படி நடந்த பயணத்தை வைத்து அதை எழுதவில்லை. தவறான சீட்டு, போதாத பணம், பெயர் தெரியாத ஒருவர் சொன்ன வழி, பாதியில் நடை. இத்தனைக்குப் பிறகும் போய்ச் சேர்ந்தவர் எழுதிய உவமை அது. அதனால்தான் அதில் உபதேச வாடை இல்லை.

கேட்டவரின் கதை

ஒரு நூலின் மதிப்பை அறிய அதைச் சொன்னவரை மட்டும் பார்ப்பது போதாது. கேட்டவருக்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்கவேண்டும். நூலில் நமக்குக் கேள்விகளாக மட்டும் தெரியும் சிவப்பிரகாசம் பிள்ளையைப் பற்றி இரமணரின் பழைய சரிதைகள் ஒரு செய்தி கூறுகின்றன. அவர் 1910-இல் அரசுப் பணியை விட்டார். பின்னர் மனைவியை இழந்தார். மறுமணம் செய்துகொள்வதா வேண்டாமா என்ற கேள்வி 1913-இல் அவரை வாட்டியது. துன்பம் நீங்க என்ன செய்யவேண்டும், மனத்தில் கருதிய திருமணம் நடக்குமா, நடக்காதெனில் ஏன், நடக்குமெனில் பணத்துக்கு என்ன வழி என்று ஒரு காகிதத்தில் எழுதித் தம் ஊர்க் கோயிலில் பிள்ளையார் முன் வைத்துக் காத்திருந்தார். காகிதத்தில் விடை வரவில்லை. மலைக்கு வந்து இரமணர் முன் அமர்ந்தார். கேள்வியை வாய் திறந்து கேட்கவில்லை. அவர் வாழும் வாழ்க்கையே தமக்கு விடை என்று உணர்ந்து திரும்பினார். மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பெரும் ஆறுதல் உண்டாயிற்று. ‘நான் யார்?’ என்ற கேள்வியை உலகுக்குக் கொண்டுவந்தவரே, பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னும், திருமணச் செலவுக்கு வழியென்ன என்று எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்! நூல் அவரை அந்தக் கவலையிலிருந்து ஒரே நாளில் விடுவிக்கவில்லை. இதை நூலின் தோல்வி என்று நான் கருதவில்லை. மனிதன் எவ்வளவு மெதுவாகக் கற்கிறான் என்பதற்கு இது சான்று. நம்முள்ளும் ஞாயிறு தவறாமல் மறையுரை கேட்டு, திங்கள் காலையில் பழைய மூட்டையைத் தலையில் ஏற்றாதவர் யார்?

கவலை என்னும் சொல்

இங்கே நம் தமிழ்ச் சொல் ஒன்றைச் சிறிது நின்று பார்க்க விரும்புகிறேன். ‘கவலை’ என்ற சொல் சங்கப் பாடல்களில் கவர்த்த வழியை, அதாவது ஒன்று இரண்டாகப் பிரியும் பாதையைக் குறிக்கவும் வருகிறது. எந்தப் பாதையில் செல்வது என்று தெரியாமல் பாலை நிலத்தில் நிற்பவனின் நிலையே மனக்கவலை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கவலைக்குரிய சொல்லையும், பகுத்தல் என்று பொருள்படும் வேரோடு இணைத்து விளக்குவோர் உண்டு. இரு மொழிகளும் உள்ளம் இரண்டாகப் பிளப்பதையே கண்டிருப்பது வியப்பே.

எங்கள் பகுதியில் இச்சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. மின்சார இறவை வருவதற்கு முன் கிணற்றிலிருந்து மாடுகளைக் கொண்டு நீர் இறைத்த ஏற்றத்துக்கும் கவலை என்றே பெயர். என் தந்தையார் கவலை ஓட்டியவர். மாடுகள் சரிவான தடத்தில் இறங்கும். சால் மேலே வந்து நீரைக் கொட்டும். பின் மாடுகள் அதே தடத்தில் பின்வாங்கி ஏறும். சால் கிணற்றுக்குள் இறங்கும். காலை முழுதும் இதே நடை. மாடுகள் பத்து முழத் தடத்தைத் தாண்டுவதில்லை. ஆனால் மல்லாட்டைக் கொல்லை நனைந்துவிடும்.

அந்தப் பத்து இரவுகளில் என் உள்ளமும் கவலைதான் ஓட்டியது. ஒரே தடத்தில் இறங்கி, பின்வாங்கி, மறுபடியும் இறங்கியது. ஒரு வேறுபாடு உண்டு. வடத்தின் முனையில் சால் கட்டப்படவில்லை. மாடுகள் களைத்தன, ஒரு சொட்டு நீரும் மேலே வரவில்லை. இது தெரிந்தபின், சிந்தனையையும் கவலையையும் பிரித்தறிய எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. மருத்துவரிடம் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதினேன். அது சால் கட்டிய ஏற்றம். மற்றவை வெறும் நடை.

மலைப்பொழிவின் பத்து வசனங்கள்

நண்பர் தந்த நூலை முடித்தபின் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை எடுத்தேன். 25 முதல் 34 வரையுள்ள பத்து வசனங்கள் நமக்குப் பழக்கமானவை. பழக்கத்தாலேயே நாம் அவற்றைச் சரியாக வாசிப்பதில்லை என்று இப்போது கருதுகிறேன்.

வானத்துப் பறவைகளைப் பற்றி ஆண்டவர் கூறும்போது அவை செய்யாதனவாக மூன்று வேலைகளைக் குறிப்பிடுகிறார்: விதைத்தல், அறுத்தல், களஞ்சியத்தில் சேர்த்தல். மூன்றும் உழவனின் வேலைகள். காட்டுமலர்களைப் பற்றிக் கூறும்போது நூல் நூற்றலைக் குறிப்பிடுகிறார். அது அக்கால வீடுகளில் பெண்களின் வேலை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலை செய்யாத சோம்பேறிகள் அல்லர். விதைத்தும் நூற்றும் வாழ்ந்தவர்கள். விதைக்காத பறவைக்கே உணவளிப்பவர் விதைக்கிற உங்களைக் கைவிடுவாரா என்பதே வாதம். வேலையை விடச் சொல்லவில்லை. பறவையும் கூட்டில் வாய்திறந்து படுத்திருப்பதில்லை. விடியலில் பறந்து தேடுகிறது. ஆனால் நாளைய பூச்சியை இன்றிரவு தேடுவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கிரேக்க மூலத்தில் இந்தப் பத்து வசனங்களில் கவலைப்படுதல் என்ற வினை ஆறு முறை வருகிறது. முதல் ஐந்து முறையும் கவலைப்படுபவர்கள் நாம். ஆறாவது முறை எழுவாய் மாறிவிடுகிறது. கவலைப்படுவது நாளை! நாளைய தினத்தின் கவலையை நாளைய தினமே பார்த்துக்கொள்ளும் என்று, நம் தலையிலிருந்த மூட்டை எடுக்கப்பட்டு அதற்குரியதன் தலையில் வைக்கப்படுகிறது. இதைக் கூறியவரிடம் மெல்லிய நகைச்சுவை இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப்பின் வரும் முடிவு மேலும் நேர்மையானது. ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் தொல்லை உண்டு என்று ஒப்புக்கொண்டே அப்பகுதி முடிகிறது. ‘ஒன்றும் நேராது’ என்று ஆண்டவர் உறுதி கூறவில்லை. என்னைப் பார்க்க வந்த நல்லவர்கள் பலர், “ஒண்ணும் இருக்காது சார்” என்றே கூறினார்கள். அன்பினால் கூறினார்கள். ஆனால் அந்தச் சொல் என்னைத் தாங்கவில்லை. ஏனெனில் அது அவர்களுக்குத் தெரியாது. தொல்லை உண்டு, தந்தையும் உண்டு என்ற சொல்தான் தாங்கியது.

ஒரு தடை

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். தன்னை மறைக்கும் தத்துவங்களைக் குப்பையாகக் கருதும் உவமை ‘நான் யார்?’ நூலில் உண்டு. கூட்டித் தள்ளவேண்டிய குப்பையை யாரும் ஆராய்வதில்லை என்கிறது அது. இதை எண்ணங்களுக்கும் பொருத்தினால் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. மானாவாரி நிலத்தில் ஆடிப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைப்பவன், மழை வருமா, விதையை இன்று போடுவதா அடுத்த வாரம் போடுவதா என்று எண்ணத்தான் வேண்டும். கூலியை மறுக்கும் முதலாளியைப் பற்றி எண்ணுகிறவனிடம், ‘எண்ணாதே, வண்டி சுமக்கும்’ என்று கூறினால் அது ஆன்மிகமன்று, அநியாயத்துக்குத் துணைபோதல்.

நம் மரபில் எண்ணங்களை ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. 1521-இல் பம்பலோனா போரில் கால் முறிந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார், சில எண்ணங்கள் வரும்போது இனித்துப் பின் வறட்சியை விட்டுச் செல்வதையும், வேறு சில சென்றபின்னும் அமைதியை விட்டுச் செல்வதையும் கவனித்தார். எண்ணங்களைத் தள்ளவில்லை, அவற்றின் பின்சுவையைப் பார்த்தார். ஆவிகளைத் தேர்ந்து தெளியும் அவருடைய முறை இதிலிருந்து பிறந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டில் மன்ரேசாவில் அதே இஞ்ஞாசியார் வீண் ஐயுறவுகளால் வதைபட்டார். பாவங்களை ஒழுங்காக அறிக்கையிட்டோமா என்ற ஐயம், மறுபடியும் பாவசங்கீர்த்தனம், மறுபடியும் ஐயம். தற்கொலை எண்ணம் வரை அது அவரைத் தள்ளியது. மேலும் ஆராய்வதால் அவர் விடுபடவில்லை. இந்த ஆராய்ச்சி எங்கே கொண்டுபோகிறது என்று கண்டு, பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்ததால் விடுபட்டார். எண்ணங்களை ஆராயக் கற்றுக்கொடுத்தவரே, ஒரு கட்டத்தில் குப்பையைக் குப்பையென்று தள்ளவேண்டியதாயிற்று. ஆகவே இரமணரின் உவமையை முழுதும் மறுக்கவும் என்னால் இயலவில்லை. எது விதை, எது குப்பை என்று ஒருமுறை பார்ப்பது அறிவு. குப்பை என்று தெரிந்தபின்னும் இரவெல்லாம் கிளறுவது நோய்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. அதை மறைக்கலாகாது. ‘நான் யார்?’ நூலின் வழி, கவலைப்படும் ‘நான்’ கரைந்துபோகும் இடத்துக்கு நம்மை அழைக்கிறது. நற்செய்தியின் வழி, அந்த ‘நான்’ ஒரு தந்தையை நோக்கித் திரும்பும் இடத்துக்கு அழைக்கிறது. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் கலங்கினார், வியர்த்தார், துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று வேண்டினார். தம் கலக்கத்தை வெறும் எண்ணம் என்று தள்ளிவிடவில்லை, தந்தையிடம் சொன்னார். பிறகு எழுந்து நடந்தார். ஆகவே நான் அஞ்சியது பாவமன்று. அச்சத்தை யாரிடமும் ஒப்படைக்காமல் நானே வைத்துக்கொண்டதுதான் பிழை.

குகையில் ஒரு துறவி

இந்த இரு வழிகளுக்கும் நடுவில் தம் வாழ்வையே வைத்துப் பார்த்த கத்தோலிக்கத் துறவி ஒருவர் உண்டு. பிரான்சு நாட்டின் பிரித்தானி பகுதியில் 1910-இல் பிறந்த ஆன்றி லெ சோ, ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. 1948-இல் தமிழகம் வந்தார். 1949 ஜனவரியில் அருட்தந்தை மொன்சானினுடன் திருவண்ணாமலைக்கு வந்து இரமணரைக் கண்டார். 1950-இல் இருவரும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தை நிறுவினர். அபிசிக்தானந்தர் என்ற பெயர் பூண்ட அவர், 1952 முதல் பலமுறை அண்ணாமலையின் குகைகளில் தங்கித் தியானித்தார்.

அவர் இறந்தபின் 1986-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த நாட்குறிப்பு, அமைதி அடைந்த ஞானியின் நூலாக இல்லை. இரண்டு அன்புகளுக்கு இடையே கிழிபட்ட மனிதனின் நூல் அது. குகையில் கண்ட அனுபவத்தையும் தம் திருமுழுக்கின் விசுவாசத்தையும் எப்படி இணைப்பது என்று ஆண்டுக்கணக்கில் எண்ணினார். கோட்பாட்டு விடை கிடைக்கவில்லை. ஒன்றை விட்டுவிட்டால் அமைதி கிடைத்திருக்கும். அவர் விடவில்லை. இரண்டையும், இழுபறியோடு, விடியும்வரை பிடித்துக்கொண்டிருப்பதே தம் கடமை என்ற முடிவுக்குப் பிற்காலத்தில் வந்தார். 1973 ஜூலையில் ரிசிகேசத்துத் தெருவில் மாரடைப்பால் விழுந்தார். அதன்பின் அவர் எழுதியவற்றில் பழைய வேதனை தணிந்து மகிழ்ச்சி தெரிகிறது. அவ்வாண்டு டிசம்பர் 7-ஆம் நாள் இந்தூரில் காலமானார்.

அவருடைய இறையியலை எடைபோடும் தகுதி எனக்கில்லை. அவர் நாட்குறிப்பு ஓர் உண்மையைக் காட்டுகிறது: நிச்சயமின்மையை ஏற்பது என்பது, கேள்வியே இல்லாதவன்போல் நடிப்பதன்று. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே அன்றன்று திருப்பலி நிறைவேற்றுவதும், சோறு பொங்குவதும், அடுத்தவனுக்குக் கடிதம் எழுதுவதும்தான்.

பத்தாம் நாள்

அந்தப் பத்து நாட்களும் என் மனைவி தூங்கினாள். அது எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. ஒன்பதாம் இரவு, “உனக்குப் பயமே இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

“பயமா இருக்குதுங்க. படுக்கறதுக்கு முன்னாடி மாதாகிட்ட சொல்லிட்டுப் படுக்கறேன். நீங்க முழிச்சிருந்தா கட்டி கரைஞ்சிடுமா? நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போவ நீங்கதான வரணும். தூங்குங்க” என்றாள்.

இரமணரையோ இஞ்ஞாசியாரையோ அவள் வாசித்தவள் அல்லள். நான் ஒரு நூலும் பத்து வசனங்களும் கடந்து வந்து சேர்ந்த இடத்தில் அவள் முன்பே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். புயலில் படகின் பின்புறம் தலையணை வைத்து உறங்கியவரின் வகுப்பில் அவள் என்னைவிட மூத்த மாணவி.

பத்தாம் நாள் முடிவு வந்தது. நாங்கள் வேண்டிக்கொண்ட முடிவன்று. அறுவைச் சிகிச்சை முடிந்தது, மருந்து தொடர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் முன் சில இரவுகள் உண்டு. அவற்றில் இப்போதும் மாடுகள் தடத்தில் இறங்கத் தொடங்குவதுண்டு. எழுந்து உட்கார்ந்து, சால் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் மாடுகளை அவிழ்த்துவிட்டுச் செபமாலையை எடுத்துக்கொள்கிறேன். சில இரவுகளில் ஐம்பத்து மூன்று மணிகளும் முடிவதற்குள் உறங்கிவிடுகிறேன். முடியாத மணிகளை அவர் எண்ணிக்கொள்வார்.

புத்தகத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுத்தபோது, “தூக்கம் வந்துதா சார்?” என்று கேட்டார். பாதி நாள் வருகிறது என்றேன். “பாதியே பெரிய விஷயம்” என்றார். அவருக்கு நான் நம் புதிய ஏற்பாட்டில் மத்தேயுவின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு தாளைச் செருகிக் கொடுத்திருக்கிறேன். அவர் மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அவருக்கும் தூக்கம் குறைவு.